தெருவைக் கழுவிய காலை

நவம்பர் பிறந்ததிலிருந்து மார்ச் முடியும் வரை எங்கள் குடும்பத்தில் எனக்குத் தண்ணீர்க் குழாயைத் தொட அனுமதி இல்லை. குளிக்கலாம், பல் தீட்டலாம், அத்தோடு சரி. வாசலில் நிற்கும் பூச்சட்டிக்கு ஒரு சொட்டு விடலாமே என்று வாளியைத் தூக்கினாலும் உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்துவிடும்: "வாளியோடை எங்கை வெளிக்கிட்டாய்?" எனக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. அலுவலகத்தில் என்னை நம்பி ஒரு பிரிவையே ஒப்படைத்திருக்கிறார்கள். வீட்டில் என்னை நம்பி ஒரு செம்புத் தண்ணீரை ஒப்படைக்க ஆளில்லை. (அவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை.)

அப்போது எனக்கு இருபத்துச் சொச்சம் வயது. படிப்பு முடிந்து, முதல் வேலை கிடைத்து, முதல் காரும் வாங்கியிருந்தேன். பழைய கார்தான், வெள்ளி நிறம். ஆனால் அதை நான் பார்த்த மாதிரி ஒரு பெண்ணைப் பார்த்திருந்தால் அவள் நேரே பொலிசுக்குப் போயிருப்பாள். விம்பிள்டனில், மேட்டிலிருந்து சரிந்து இறங்கும் ஒரு சின்னத் தெருவின் நடுவில் எங்கள் வீடு. வாசலுக்குச் சற்றுக் கீழே காரை நிறுத்திவிட்டு, மாடி ஜன்னலில் தேத்தண்ணியோடு இருந்து அதையே பார்ப்பேன். பார்க்கப் பார்க்க அது தரையை விட்டு மெல்ல எழும்பி, புகைபோக்கிகளைத் தாண்டி, முகிலுக்குள் போய்க்கொண்டிருக்கும். தேத்தண்ணி ஆறிப்போகும். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே கனவு காண்பதில் எனக்கு அந்த வயதிலேயே நல்ல தேர்ச்சி.

இந்தக் காதலுக்கு ஒரே ஒரு வில்லன் இருந்தான். உப்பு. குளிர் கூடினால் எங்கள் தெருவுக்குக் கவுன்சில் என்கிற நகரசபையின் லொறி வரும். கூரையில் மஞ்சள் விளக்குச் சுழல, பின்னால் ஒரு தட்டுச் சுழன்று வீதி முழுக்கக் கல்லுப்பை வீசிக்கொண்டு போகும். நாங்கள் சமையலுக்குப் போடுவது போல வெள்ளையாக இருக்காது. மண் நிறத்தில், பார்க்க அழுக்காக இருக்கும். வீதியில் உள்ள ஈரம் உறைந்து கண்ணாடியாகிவிடாமல் காப்பது அந்த அழுக்குத்தான். இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயமல்ல. நான் இயந்திரவியல் படித்தவன். ஆனால் அலுவலகத்தில் ஒருவன், உப்பு காரின் அடிவயிற்றைத் தின்றுவிடும் என்று சொல்லி, துருப்பிடித்து ஓட்டை விழுந்த தன் காரின் படத்தையும் காட்டிவிட்டான். அன்றிலிருந்து, லொறி வீசும் உப்பு என் காரின் கதவில் சரசரவென்று படும் சத்தம் கேட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

இப்போது அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா இறந்தபோது நான் பள்ளிக்கூடப் பெடியன். அக்கா தன் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனாள். வந்த சம்பந்தங்களை எல்லாம் "தம்பி படிச்சு முடிக்கட்டும்" என்று தள்ளினாள். நான் முடிப்பதற்குள் சம்பந்தங்கள் முடிந்துவிட்டன. வீட்டில் அவள் பேச்சுக் குறைந்து, சிரிப்பு அதைவிடக் குறைந்து, அதுதான் அவள் சுபாவம் என்று நாங்களும் பழகிவிட்டோம். பிறகு ஒருநாள், சிநேகிதியின் கலியாண வீட்டில் சந்தித்த ஜெகன் என்ற மருந்தாளரைப் பற்றிச் சொல்லி, "எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு அம்மா" என்றாள். அக்கா வாய் திறந்து தனக்கென்று ஒன்றைக் கேட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

ஜெகனின் வீடு கிழக்கு லண்டனில், செவன் கிங்ஸில். சிக்கல் அவருடைய அப்பா. அவரை இனி மாமா என்றே சொல்கிறேன், அப்படித்தான் கடைசியில் ஆனார். மாமா இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து தன் காரில் ஒரு கீறல் விழ விடாதவர். எதிரே வரும் காரை ஓட்டுபவனின் குணத்தைப் பார்த்தவுடனேயே சொல்லிவிடுவார், பெரும்பாலும் நல்லதாகச் சொல்லமாட்டார். லண்டனின் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்குப் பெண் பார்க்க வருவதே அவருக்கு வெளிநாட்டுப் பயணம். இரண்டு தடவை நாள் குறித்து, குளிர் என்று தள்ளிப்போட்டார். மூன்றாம் தடவை தொலைபேசியில் அம்மாவிடம், "தங்கச்சி, இந்தச் சனிக்கிழமை வாறம். இதுவும் சரிவராட்டி விட்டுடுவம்" என்று சொல்லிவிட்டார். அக்கா அன்றிரவு சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் லொறி வந்து போனது. சனிக்கிழமை காலை கதவைத் திறந்தால் மூச்சு வெள்ளைப் புகையாக வெளியே வருகிறது. தெருவில் மண் நிற உப்பு. என் காரிலும் அதே உப்பு.

"வாசலைத் தெளிச்சு விடு, சம்பந்தி வீட்டுக்காரர் வருகினம்" என்று குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற அம்மா சொன்னார். அம்மா சொன்னது ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீர் எடுத்து வாசற்படியில் நாலு துளி தெளிப்பதை. நல்ல காரியத்துக்கு முன் எந்தத் தமிழ் வீட்டிலும் செய்வது. ஆனால் நான் வாசலில் நின்று தெருவைப் பார்த்தேன். இந்த அழுக்கின் மீதா மாமா வந்து இறங்குவது? இந்த உப்பின் மீதா அவருடைய கீறல் விழாத கார் ஏறுவது? கார் வைத்திருப்பவனின் மனம் கார் வைத்திருப்பவனுக்குத் தெரியாதா? மாமா இறங்குகிறார், சுத்தமான வீதியைப் பார்க்கிறார், என் தோளில் கை வைக்கிறார், "இது ஆர் செய்த வேலை?" என்று கேட்கிறார். நான் அடக்கமாகத் தலை குனிகிறேன். இவ்வளவும் ஒரு நொடிக்குள் என் கண் முன்னால் ஓடிவிட்டது.

பின்வளவுக் குழாய் உறைந்து கிடந்தது. அது உறைந்து கிடக்கிறதே, அதிலிருந்து ஏதாவது விளங்குகிறதா என்று என்னை நானே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நீளப் பைப்பைக் குசினிக் குழாயில் மாட்டி, சுடுதண்ணியைத் திறந்து, வீட்டு நடை வழியாக வாசலுக்கு இழுத்து வந்தேன்.

"உதென்ன, வீட்டுக்குள்ளாலை பாம்பு போற மாதிரி?" என்றார் அம்மா.

"வாசல் தெளிக்கிறன் அம்மா."

முதலில் காரைக் கழுவினேன். பிறகு காரைச் சுற்றியுள்ள வீதியை. பிறகு வாசலுக்கு நேரான வீதியை. சுடுதண்ணி பட்ட இடமெல்லாம் ஆவி எழும்பியது. மேட்டுக்கு மேலே சூரியன் இளஞ்சிவப்பாக வந்து நின்றது. ஆவிக்குள் வீடுகள் கரைந்து, மரங்கள் கரைந்து, நான் ஏதோ தேவலோகத்து வாசலைக் கழுவுகிறவன் போல உணர்ந்தேன். உப்புக் கரைந்து, தண்ணீரோடு சரிவில் இறங்கி, தெருவின் கீழ்க்கோடியில் கவுன்சில் வைத்திருக்கும் மஞ்சள் உப்புப் பெட்டி வரைக்கும் ஓடியது. எதிர்வீட்டு வெள்ளைக்கார அம்மா வீட்டுச் சட்டையோடு ஜன்னலில் நின்று இரண்டு கைகளையும் பலமாக ஆட்டினார். என்ன அன்பான அயல் என்று நினைத்து நானும் பலமாக ஆட்டினேன். அவர் இன்னும் வேகமாக ஆட்டினார். நானும் விடவில்லை.

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு எல்லாம் ஆயத்தம். வாசலில் நிறைகுடம், குத்துவிளக்கு. எனக்கு வேட்டி, உள்ளே கம்பளிக் காற்சட்டை. (வேட்டி கட்டியவனின் கணுக்காலில் கறுப்புக் கம்பளி தெரிந்தால் பெண்ணுக்கு யோகமில்லை என்று யாரும் சொல்லவில்லை, அதனால் விட்டுவிட்டேன்.) அக்கா மாம்பழ நிறச் சேலையில் கதவுக்குப் பின்னால் நின்றாள். அம்மா வெளியே எட்டிப் பார்த்து, "ரோட்டும் என்ன வடிவா மினுங்குது" என்றார். உண்மைதான். அப்படி ஒரு மினுக்கத்தை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

மேட்டு முனையில் மாமாவின் கறுப்புக் கார் திரும்பியது. உப்பு இருந்த மேல் பகுதியில் ஒழுங்காக, மரியாதையாக இறங்கி வந்தது. எங்கள் வாசலுக்குச் சற்று மேலே பிரேக் விளக்கு எரிந்தது. கார் நிற்கவில்லை.

அது வழுக்கியது என்று சொன்னால் வேகமாகப் போனது போல இருக்கும். அப்படி இல்லை. சத்தமே இல்லாமல், மிக மெதுவாக, பக்கவாட்டில் திரும்பி, தண்ணீரில் விட்ட இலை போல வந்தது. அந்தக் காலையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நாங்கள் வாசலில் நின்று, கையைக் கூப்பி, சிரித்துக்கொண்டிருந்தோம், ஏனென்றால் அதைத்தான் ஒத்திகை பார்த்திருந்தோம். முன் சீற்றில் மடியில் பலகாரத் தட்டோடு இருந்த மாமி எங்களைக் கண்டதும், பழக்க தோஷத்தில் கையைக் கூப்பினார். ஜெகனும் பின் சீற்றிலிருந்து கூப்பினார். மாமா மட்டும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து நேரே பார்த்துக்கொண்டிருந்தார், நேரே இருந்தது எங்கள் வீட்டுச் சுவர். இப்படியாக மாப்பிள்ளை வீட்டார் வணக்கம் சொல்லிக்கொண்டே எங்கள் வீட்டைக் கடந்து கீழே போனார்கள்.

"எங்கை போகினம்?" என்றார் அம்மா, சிரிப்பு மாறாமல்.

அடுத்ததாக என் கார். கறுப்புக் கார் அதன் பின்பக்கத்தை மெல்லத் தொட்டது. சுற்றிலும் கழுவி வைத்திருந்தேன் அல்லவா, ஹேண்ட்பிரேக் போட்டிருந்தும் அதுவும் புறப்பட்டது. இரண்டும் கைகோத்துக்கொண்டு சரிவில் இறங்கி, அடியிலிருந்த மஞ்சள் பெட்டியில் போய் முட்டின. பெட்டி சரிந்து, மூடி திறந்து, உள்ளே இருந்த உப்பு முழுவதும் என் காரின் முகத்தில் கொட்டியது. அவ்வளவு உப்பை ஒரே இடத்தில் நான் கனவிலும் கண்டதில்லை, நான் கனவில் எவ்வளவோ கண்டவன்.

யாருக்கும் அடி இல்லை என்று தெரிந்ததும் நான் ஓடினேன். ஓடினேன் என்பது என் எண்ணம். இரண்டாவது அடியிலேயே வழுக்கித் தரையில் இருந்துவிட்டேன், இருந்தபடியே வேட்டியோடு தெரு முழுவதையும் வழுக்கிக் கடந்து, காரை விட்டு இறங்கி ஜெகனைப் பிடித்துக்கொண்டு நின்ற மாமாவின் காலடியில் போய் நின்றேன். ஏறக்குறையச் சாஷ்டாங்கமாக.

"எழும்பும் தம்பி" என்றார் மாமா. பிறகு தன் காரின் பம்பரில் விழுந்திருந்த கீறலைக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "கவுன்சில்காரர் இந்த ரோட்டுக்கு உப்புப் போடேல்லை. எழுதிப் போடோணும். இப்படி ஒரு ரோட்டிலை ஆர் இருப்பினம்?"

"ஓம் மாமா. மகா மோசம் மாமா" என்றேன் நான். காது மடல் மட்டும் அந்தக் குளிரிலும் கொதித்தது.

"வா, திரும்புவம்" என்றார் அவர் ஜெகனிடம்.

அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கியது. இதுவும் சரிவராட்டி விட்டுடுவம் என்றவர். மேலே திரும்பிப் பார்த்தேன். அக்கா கதவுக்கு வெளியே வந்து நின்றாள். எனக்காக எத்தனையோ வருடம் காத்திருந்தவளின் நாளை ஒரு குழாயைத் திறந்து நான் கழுவிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. அழுகை வந்தது. ஐஸில் இருந்துகொண்டு அழுதால் பின்பக்கம் இன்னும் குளிரும் என்பதையும் அன்று கண்டுகொண்டேன்.

அக்கா உள்ளே போனாள். திரும்பி வந்தபோது சேலையைத் தூக்கிச் செருகி, அப்பாவின் பழைய பூட்சைப் போட்டிருந்தாள். இடுப்பில் ஒரு பானை. குசினியில் இருந்த தூள் உப்பு, கல்லுப்பு, மொத்தக் கடையில் அம்மா வாங்கி வைத்திருந்த பெரிய பை, எல்லாம் அதற்குள். ஒரு பிடி அள்ளி முன்னால் வீசினாள், ஓர் அடி வைத்தாள். இன்னொரு பிடி, இன்னோர் அடி. காலைப் பனிமூட்டம் இன்னும் முழுக்க அடங்கவில்லை. அந்த இளஞ்சிவப்பு வெளிச்சத்துக்குள் அவள் விதைக்கிறவள் மாதிரி இறங்கி வந்தாள், காலடியில் உப்பு நெரியும் சத்தம் மட்டும் கேட்டது.

ஜெகன் அதைப் பார்த்தார். தன் நல்ல கோட்டைக் கழற்றி, சரிந்த பெட்டியிலிருந்து உப்பை அதற்குள் அள்ளிக் கட்டி, கீழிருந்து மேலே வீசிக்கொண்டு ஏறினார். இருவரும் நடுத்தெருவில் சந்தித்தார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. பேசினார்களா என்றே தெரியாது. நான் எழும்ப மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமியும் பார்த்தார். "திரும்பிப் போறதெண்டால் நீங்கள் போங்கோ" என்றார் மாமாவிடம். "பாதை போட்டுக் கூப்பிடுது பிள்ளை. நான் போறன்." பலகாரத் தட்டைத் தூக்கிக்கொண்டு அந்த உப்புப் பாதையில் ஏறினார். மாமாவுக்கு வேறு வழியில்லை, இறங்கும்போதே மாமி கார்த் திறப்பைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டிருந்தார்.

இனித்தான் இரண்டாவது ஆபத்து. அம்மாவின் பழக்கம், கறிகளை இறக்கும் நேரத்தில்தான் உப்புப் போடுவது. இறக்கும் நேரம் வந்தபோது வீட்டில் உப்பு இல்லை. எதிர்வீட்டில் கேட்கலாமா என்றேன். நல்ல நாளில் இன்னொரு வீட்டில் உப்புக் கேட்கக் கூடாது என்றார் அம்மா. அப்படியென்றால் கீழே பெட்டியில் இருந்து ஒரு கரண்டி அள்ளி வரட்டுமா என்று கேட்டேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், இறக்கி வைத்த தேங்காய்ப்பால் சொதி மறுபடி கொதித்திருக்கும்.

உப்பில்லாத பருப்பு, உப்பில்லாத கத்தரிக்காய்க் குழம்பு, உப்பில்லாத சொதி. மாமா முதற் பிடியை வாயில் வைத்தார். நிறுத்தினார். மாமியைப் பார்த்தார். இன்னொரு பிடி சாப்பிட்டார். பிறகு, "பருப்பு இன்னும் கொஞ்சம் போடுங்கோ" என்றார். நாங்கள் திகைத்துப்போனோம்.

"எனக்குப் பிரஷர்" என்றார். "உப்பைத் தொடக்கூடாது எண்டு டொக்டர். போற வீடு எல்லாத்திலையும் நான் சொல்லோணும், பேந்தும் உப்பைக் கொட்டித்தான் தருவினம். இந்த வீட்டிலைதான் கேளாமலே விளங்கிச் சமைச்சிருக்கினம்."

எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மா பணிவாகச் சிரித்தார். "ஓம் மாமா, நாங்கள் முதலே விசாரிச்சனாங்கள்" என்று சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேன். சம்பந்தம் நிச்சயம், கவுன்சில் மீது பழி, எல்லாம் சுபம்.

"இல்லை மாமா" என்றாள் அக்கா.

கையில் சொதிக் கரண்டியோடு நின்றாள். முகம் வெளிறியிருந்தது. "உங்கடை பிரஷர் எங்களுக்குத் தெரியாது. உப்பு முழுக்க ரோட்டிலை கிடக்கு, அதுதான் கறியிலை இல்லை. கவுன்சில்காரர் நேற்று உப்புப் போட்டவை. தம்பிதான் காலமை தண்ணி அடிச்சுக் கழுவிப்போட்டான். உங்கடை காரிலை விழுந்த கீறல் எங்கடை பிழை."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். மாமா மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"ரோட்டைக் கழுவினனீரோ?"

"ஓம் மாமா."

"இந்தக் குளிருக்கை?"

"சுடுதண்ணியிலைதான் மாமா."

"ஏன்?"

"நீங்கள் வாறீங்கள் எண்டு" என்றேன். அது முழு உண்மை.

மாமாவின் மீசை முதலில் ஆடியது. பிறகு தோள். பிறகு மேசையும் ஆடியது. கண்ணில் நீர் வழிய, புரைக்கேறி, மூச்சு முட்டும் வரை சிரித்தார். மாமி முதுகில் தட்டினார். நான் பதறி எழுந்து, "தண்ணி கொண்டு வாறன்" என்று குசினிப் பக்கம் ஓடினேன்.

"ஐயோ வேண்டாம்!" என்று மாமா கத்தினார். "அவரைத் தண்ணி தொட விடாதேங்கோ!"

அந்த உத்தரவுதான் இன்றுவரை அமுலில் இருக்கிறது. போகும்போது மாமா வாசலில் நின்று அக்காவைப் பார்த்து, "எங்கடை வீட்டிலை உண்மை சொல்ல ஒருத்தரும் இல்லை பிள்ளை, வந்து சேரும்" என்றார். கீறலைப் பற்றிப் பிறகு ஒரு நாளும் பேசவில்லை. என் காரை எவ்வளவோ கழுவினேன், உப்பு எங்கெங்கோ புகுந்திருந்தது. ஓரிரு குளிர்காலங்களில் அடிவயிறு துருவாகி உதிர்ந்தது. வெள்ளைக்கார அம்மா இப்போதும் என்னைக் கண்டால் இரண்டு கையையும் ஆட்டுவார், இப்போது நான் உடனே செய்வதை நிறுத்திவிட்டு என்னவென்று கேட்கிறேன்.

கலியாணம் நல்ல வெயில் காலத்தில் நடந்தது. மாப்பிள்ளை மண்டப வாசலுக்கு வந்ததும் பெண்ணின் தம்பி தண்ணீர் ஊற்றி அவர் காலைக் கழுவ வேண்டும், அவர் தம்பிக்கு மோதிரம் போட வேண்டும். அது எங்கள் வழக்கம். நான் செம்பைத் தூக்கிக்கொண்டு குனிந்தேன். கூட்டத்துக்குள்ளிருந்து மாமாவின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது: "ஜெகன், கவனம்! தம்பியின்ரை கையிலை தண்ணி!"

மாப்பிள்ளை சட்டென்று இரண்டு பக்கமும் நின்றவர்களின் தோளைப் பிடித்துக்கொண்டார். சபை வெடித்தது. ஐயர் மந்திரத்தை விட்டுவிட்டுச் சிரித்தார். மோதிரத்தோடு ஜெகன் அத்தான் என் உள்ளங்கையில் ஒரு சின்னப் பொட்டலத்தையும் வைத்தார். பிரித்தால் மண் நிறக் கல்லுப்பு.

கலியாண வீடியோவில் தாலி கட்டும் இடத்தைவிட எங்கள் வீட்டில் அதிகம் பார்க்கப்பட்ட இடம் அதுதான். எல்லோரும் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் பார்ப்பது வேறு. படம் பிடித்தவன் சத்தம் கேட்டுக் கமராவைத் திருப்பியபோது, மணப்பெண் அறையின் கதவு கொஞ்சம் நீங்கியிருக்கிறது. யாரும் பார்க்கக் கூடாத நேரத்தில், நகையும் பூவுமாக அக்கா எட்டிப் பார்த்துக்கொண்டு, கதவைப் பிடித்தபடி, தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டுச் சிரிக்கிறாள். அப்பா போனதற்குப் பிறகு அப்படி அவள் சிரித்து நான் கண்டதில்லை. அந்தச் சிரிப்புக்காக இன்னொரு தெருவையும் கழுவுவேன். (அம்மாவுக்குச் சொல்லிவிடாதீர்கள்.)